ஜாக்கும் ஒன்பதும் வந்தால்: போக்கர் சுற்றுப்போட்டிக்குப் புதியவர்களுக்கு

முன்னூற்றி நாலு (304) என்ற கடதாசி ஆட்டம் ஆடிப் பழகியவருக்கு ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் வாய் தன்பாட்டில் கேள்வியை, அதாவது ஏலத்தை, தூக்கும். ஜாக் 30, ஒன்பது 20, இரண்டும் சேர்ந்தாலே 50 புள்ளி. ஆஸ் 11, பத்து 10, கிங் வெறும் 3, குயின் 2. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இரவிரவாகக் கடதாசி பிடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நித்திரையிலும் மறக்காது. போக்கர் மேசையில் முதல் ஆளாகப் பேச வேண்டிய கதிரையில் இருந்துகொண்டு அதே ஜாக்–ஒன்பதைத் தூக்கிப் பிடிப்பவர்தான் பெரும்பாலும் முதல் ஆளாக எழும்பிப் போகிறார்.

304 தெரிந்திருப்பது நட்டமில்லை. முதல் நாலு கடதாசியைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு மற்ற நாலையும் பிறகுதான் எடுக்கிறோம். பாதி தெரிந்த நிலையில் முடிவெடுக்கும் அந்தப் பழக்கம் போக்கருக்கு நன்றாக உதவும். ஆனால் மூன்று விடயங்களை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். முதலாவது கடதாசியின் வரிசை: ஆஸ், கிங், குயின், ஜாக், பத்து என்றுதான் இறங்கும், துரும்பு கிடையாது, இஸ்கோப்பனுக்கும் கலாவரைக்கும் ஒரே மதிப்பு. இரண்டாவது, வந்த கையை ஆடியே தீரவேண்டும் என்ற எண்ணம். மூன்றாவது, எதிரே இருப்பவர் கூட்டாளி என்ற நினைப்பு. மச்சான் வெளியே போகக்கூடாதென்று அவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்து ஆடினால், மேசையில் இருக்கும் மற்ற ஆறு பேரையும் ஏமாற்றுகிறீர்கள். போக்கரில் அதற்குப் பெயர் களவு.

இங்கே பேசுவது டெக்சாஸ் ஹோல்டெம் பற்றி. ஆளுக்கு இரண்டு மறைக் கடதாசி, நடுவில் ஐந்து பொதுக் கடதாசி, எந்த நேரமும் முழுச் சிப்பையும் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) வைக்கலாம். சோடி, இரண்டு சோடி, மூன்று, ஸ்ட்ரெயிட் (ஐந்து தொடர் கடதாசி), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) என்ற வரிசை இன்னும் மனதில் நிற்காதவர் ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சிப்புக்கு மட்டும். காசு மேசைக்கு வந்தால் சட்டச் சிக்கலும் வரும், சினேகிதமும் போகும்.

மேசை, சிப், நேரம்

எட்டுப் பேருக்கு ஆளுக்கு 5,000 சிப் என்று வைத்துக்கொள்வோம். 25இல் எட்டு, 100இல் எட்டு, 500இல் நாலு, 1,000இல் இரண்டு. கூட்டினால் 200 + 800 + 2,000 + 2,000. ஆளுக்கு 22 துண்டு, எட்டுப் பேருக்கும் 176. சிப் பெட்டி வாங்க வசதியில்லாவிட்டால் சோடாப் போத்தல் மூடிகளை நாலு நிறத்தில் தீந்தை பூசி எடுக்கலாம். புளியங்கொட்டையும் மஞ்சாடியும் பார்க்க அழகு, ஆனால் அடுக்க முடியாது. அடுத்தவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி வீண். கச்சானை வைக்கவே வேண்டாம், ஆட்டம் முடியுமுன் அடுக்கு வயிற்றுக்குள் போய்விடும்.

பிளைண்ட் என்பது கடதாசி பார்க்குமுன் இரண்டு பேர், சின்னதும் பெரியதுமாக, கட்டாயமாக வைக்கும் சிப். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஏற்றுங்கள்: 25/50, 50/100, 75/150, 100/200, 150/300, 200/400, 300/600, 400/800, 600/1,200, 1,000/2,000. மொத்தம் பத்துக் கட்டம், 200 நிமிடம். மேசையில் உள்ள மொத்தச் சிப் 40,000. பெரிய பிளைண்ட் 2,000 ஆகும்போது எல்லோரிடமும் சேர்த்து 20 பிளைண்ட்தான் மிஞ்சும், அதற்கு மேல் ஆட்டம் இழுபடாது. ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முன்னர் முடிந்துவிடும்.

25 மூடி 150/300 கட்டம் முடியும்வரை தேவைப்படும். அதன் பிறகு சேர்த்தெடுத்து 100ஆக மாற்றிக்கொடுங்கள். அதற்கென்று 100 மூடி பதினாறு மேலதிகமாக வைத்திருங்கள். மாற்றிய பின் ஒருவரிடம் 50 அல்லது 75 மிஞ்சினால் அதற்கும் ஒரு 100, தனி 25 மிஞ்சினால் அது போனது. இதை ஆட்டம் தொடங்குமுன்னரே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒற்றை மூடிக்காகக் கால் மணித்தியாலம் வழக்கு நடக்கும். கட்டம் மாறும் மணி கை நடுவில் அடித்தால் அடுத்த கையிலிருந்துதான் புதிய பிளைண்ட். விறாந்தையில் ஆடுவதாக இருந்தால் கச்சான் காற்றுக் காலத்தில் மேசைக்குத் தடித்த விரிப்பொன்று போடுங்கள். கடதாசி ஒன்று பறந்து முகம் காட்டிவிட்டால் அந்தக் கை பாழ். கடதாசி போடுவதும் பேசுவதும் இடப்பக்கமாகவே சுற்றும். வலப்பக்கம் போட்டுப் பழகியவர் கை மாறினால் பிளைண்ட் யாருடையது என்றே தெரியாமல் போகும்.

சிப்பை எண்ணாதீர்கள், பிளைண்டை எண்ணுங்கள்

புதியவர் தன் முன்னால் 5,000 இருக்கிறதென்றுதான் பார்ப்பார். அந்த இலக்கத்துக்குத் தனியாக அர்த்தமில்லை. 25/50இல் 5,000 என்பது 100 பெரிய பிளைண்ட். 100/200இல் அதே 5,000 வெறும் 25. 200/400 வரும்போது பன்னிரண்டரை. ஒரு சிப்பும் தோற்காமல் நூறு நிமிடத்தில் உங்கள் அடுக்கு எட்டில் ஒன்றாகிவிட்டது. எந்தக் கையை ஆடலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கைதான், கடதாசி இரண்டாவது.

வீட்டு மேசையில் புதியவர்கள் கலந்து ஆடும்போது மணித்தியாலத்துக்கு 25 கை போடலாம். அப்படியானால் ஒரு கட்டத்துக்குள் எட்டுக் கை, அதாவது மேசையைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. முழு இரவுக்கும் ஏறத்தாழ 80 கை. சோடி 17 கைக்கு ஒன்று வீதம் வருவதால் இரவுக்கு நாலைந்து சோடி கிடைக்கும். ஆஸ் சோடி 221 கைக்கு ஒருமுறை. அது வரட்டும் என்று காத்திருப்பவர் சராசரியாக ஏறத்தாழ மூன்று இரவு காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றரைப் பிளைண்ட் அவரிடமிருந்து தானாகப் போய்க்கொண்டிருக்கும்.

பேக்கமன் ஆட்டத்தில் பேர்போன பால் மேக்ரியலின் பெயரால் எம் என்று ஒரு அளவை உண்டு: உங்கள் சிப்பை, சின்ன பிளைண்டும் பெரிய பிளைண்டும் சேர்ந்த தொகையால் பிரியுங்கள். 200/400இல் 4,000 இருந்தால் 600ஆல் பிரிக்க 6.7 வரும். கையே ஆடாமல் இருந்தாலும் ஏழாவது சுற்றைத் தாண்ட மாட்டீர்கள். பிளைண்டும் ஏறுவதால் உண்மையில் அதுவுமில்லை.

இன்னொன்று. உங்களிடம் 9,000, எதிராளியிடம் 1,800 என்றால் அந்தக் கையில் உங்கள் அடுக்கும் 1,800தான். அதற்கு மேல் வெல்லவோ தோற்கவோ முடியாது. குறைந்தவரின் அடுக்கைப் பார்த்தே முடிவெடுங்கள்.

கதிரையும் கையும்

பட்டன் என்ற வட்டத் துண்டு யார் முன் இருக்கிறதோ அவர் ஃப்ளொப்புக்கு, அதாவது முதலில் ஒன்றாகத் திறக்கும் மூன்று பொதுக் கடதாசிக்கு, பிறகு கடைசியாகப் பேசுவார். அவருக்கு இடப்பக்கம் சின்ன பிளைண்ட், அதற்கடுத்தது பெரிய பிளைண்ட். எட்டுப் பேர் மேசையில் மிச்சமுள்ள ஐந்து கதிரையில் முதல் இரண்டு முன் கதிரை, அடுத்த இரண்டு நடுக் கதிரை, கடைசி ஒன்றும் பட்டனும் பின் கதிரை. முன் கதிரையில் இருப்பவர் ஏழு பேர் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பேசுகிறார். பட்டனுக்கு மிச்சம் இரண்டே பேர். அதனால்தான் ஒரே கை ஓரிடத்தில் குப்பை, ஓரிடத்தில் நல்ல கை.

கீழே உள்ளது 25 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது, உங்களுக்கு முன் எவரும் உள்ளே வராதபோது, முதலாவதாக ஏற்றுவதற்கான, அதாவது பெரிய பிளைண்டைவிடக் கூட வைப்பதற்கான, பட்டியல். சற்று இறுக்கமானதுதான். தொடங்குபவருக்கு அதுவே நல்லது.

முன் கதிரை: 7–7 தொடங்கி மேலே எல்லாச் சோடியும். ஒரே இனத்தில் ஆஸ்–பத்து முதல் ஆஸ்–கிங் வரை, கிங்–குயின். வேற்று இனத்தில் ஆஸ்–கிங், ஆஸ்–குயின் மட்டும். பதினாலு கையில் ஒன்றுதான் இதில் அகப்படும். சலிப்பாகத்தான் இருக்கும்.

நடுக் கதிரை: 5–5 முதல் சோடி. ஒரே இனத்தில் ஆஸ்–பத்து வரை, கிங்–குயின், கிங்–ஜாக், குயின்–ஜாக், ஜாக்–பத்து. வேற்று இனத்தில் ஆஸ்–ஜாக் வரை, கிங்–குயின். பத்துக்கு ஒன்று.

பின் கதிரை: எல்லாச் சோடியும். ஒரே இனத்தில் ஆஸோடு எது வந்தாலும், கிங்–9, குயின்–9, ஜாக்–9 வரை, 10–9, 9–8, 8–7. வேற்று இனத்தில் ஆஸ்–8 வரை, கிங்–10, குயின்–10, ஜாக்–10. இப்போது நாலுக்கு ஒன்று. ஜாக்–ஒன்பது முதன்முதலாக எங்கே நுழைகிறதென்று பாருங்கள்: ஒரே இனமாக இருந்து, பின் கதிரையிலும் இருந்தால்தான்.

ஒரே இனம் என்பதற்காகவே கையைப் பிடிப்பது அடுத்த பெரிய பிழை. ஆடுதனில் இரண்டு வைத்திருந்தால் ஃப்ளொப்பிலேயே ஃப்ளஷ் விழுவது நூறில் ஒருமுறைகூட இல்லை. ஐந்து கடதாசியும் விழுந்த பிறகும் நூற்றுக்கு ஆறு ஏழு தரம்தான். ஒரே இனம் ஒரு கைக்குச் சேர்க்கும் பலம் 2, 3 வீதம். நல்ல கையை அது இன்னும் நல்லதாக்கும், கிங்–4ஐக் காப்பாற்றாது.

ஆஸைக் கண்டால் எறிய மனம் வராதவர்களுக்கு ஒரு கணக்கு. ஆஸ்–கிங்கும் ஆஸ்–குயினும் மோதினால் ஆஸ்–கிங் நூற்றுக்கு 74 தரம் வெல்லும். ஆஸ் விழுந்தால் இருவருக்கும் சோடி, துணைக் கடதாசி பெரிதாக உள்ளவருக்கே சிப். ஆஸ்–6ஐ முன் கதிரையில் ஆடுபவர் ஆஸ் விழாவிட்டால் கொஞ்சம் தோற்பார், விழுந்தால் நிறையத் தோற்பார். சோடியில்லாத எந்தக் கையும் ஃப்ளொப்பில் சோடி காண்பது மூன்றுக்கு ஒருமுறைதான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்களுக்கு முன் ஒருவர் ஏற்றிவிட்டால் இந்தப் பட்டியலைச் சுருட்டி வையுங்கள். தானாக ஏற்றுவதற்குப் போதுமான கை, ஏற்றியவரை எதிர்க்கப் போதாது. முன் கதிரையிலிருந்து ஏற்றியவருக்கு எதிராக மீண்டும் ஏற்ற ஆஸ், கிங், குயின் சோடியும் ஆஸ்–கிங்கும் போதும். பின் கதிரைக்காரர் ஏற்றியிருந்தால் 10–10 வரையும் ஆஸ்–குயின் வரையும் இறங்கலாம். அவர் வைத்ததைப்போல் மூன்று மடங்கு வையுங்கள். ஃப்ளொப்புக்குப் பிறகு அவருக்கு முன் நீங்கள் பேச வேண்டியிருந்தால் நாலு மடங்கு.

பெரிய பிளைண்டில் இருப்பவருக்கு மட்டும் ஒரு தள்ளுபடி உண்டு. ஒரு பிளைண்ட் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. ஒருவர் இரண்டரைக்கு ஏற்றி மற்றவர்கள் எறிந்தால், நாலு பிளைண்ட் கிடக்கும் இடத்தில் நீங்கள் ஒன்றரை வைத்தால் போதும். 27 வீத வாய்ப்பே அந்தக் கோலுக்கு (மற்றவர் வைத்ததற்குச் சமமாக வைப்பதற்கு) சரி. சின்ன பிளைண்டுக்கு இந்தச் சலுகை பாதிதான், அதோடு ஃப்ளொப்புக்குப் பிறகு முதல் ஆளாகப் பேசவும் வேண்டும். மேசையிலேயே கெட்ட கதிரை அது. எறியப் பழகுங்கள்.

எவ்வளவு ஏற்றுவது

உள்ளே வருவதானால் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வெறும் பிளைண்டை மட்டும் வைத்து மெல்ல நுழைவது வீட்டு மேசைகளின் பொது வியாதி. ஒருவர் நுழைந்தால் அடுத்தவரும் நுழைவார், ஐந்து பேர் ஃப்ளொப் பார்ப்பார்கள், உங்கள் கிங் சோடி ஐந்து பேருக்கு நடுவில் நிற்கும். ஆஸ் சோடிகூட ஒருவருக்கு எதிராக 85 வீதம் வெல்லும், எட்டுப் பேரும் கடைசி வரை நின்றால் 39 வீதம் என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

தொடக்கத்தில் பெரிய பிளைண்டைப்போல் மூன்று மடங்கு. உங்களுக்கு முன் மெல்ல நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிளைண்ட் கூட்டுங்கள். அடுக்கு 25க்குக் கீழே இறங்கினால் இரண்டு, இரண்டேகால் போதும். நல்ல கைக்குப் பெரிதாகவும் சுமாரான கைக்குச் சிறிதாகவும் வைப்பவரை இரண்டாவது சுற்றிலேயே மேசை படித்துவிடும், அதனால் எல்லாக் கைக்கும் ஒரே அளவு. தொகையை வாயால் சொல்லிவிட்டு ஒரே தரத்தில் வையுங்கள். கொஞ்சம் வைத்து முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சம் வைப்பது செல்லாது.

அடுக்கு குறையக் குறைய

60 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது சிறு சோடிக்கும் தொடர் கடதாசிக்கும் உண்மையான விலை உண்டு. கையில் 4–4, ஃப்ளொப்பில் இன்னொரு 4 வருவது எட்டரைத் தரத்துக்கு ஒருமுறை. வந்தால் பெரிதாக வெல்ல எதிராளியிடம் சிப் இருக்க வேண்டும். கோல் பண்ணும் தொகையைப்போல் 15 மடங்காவது இரண்டு பேர் அடுக்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 25/50இல் ஒருவர் 150க்கு ஏற்றினால் 15 மடங்கு 2,250. எல்லோரிடமும் 5,000 இருக்கிறது, தாராளமாகப் பார்க்கலாம். 200/400இல் அதே 5,000 அடுக்குக்கு எதிராக 1,000 வைத்து 4–4ஓடு ஃப்ளொப் பார்ப்பது வேறு கதை. ஐந்து மடங்குதான் மிச்சம், ஏழு எட்டுத் தரம் எறிந்து எறிந்து கரைந்துபோவீர்கள். புதியவர்கள் பலர் சுற்றுப்போட்டியின் நடுப்பகுதியில் காணாமல் போவது இங்கேதான்: தொடக்கத்தில் சரியாக இருந்த கோல், பிளைண்ட் ஏறிய பிறகு பிழையாகிவிட்டதைக் கவனிப்பதில்லை.

25 முதல் 60 வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன பட்டியலை ஆடுங்கள், 8–7 போன்றவற்றைக் குறையுங்கள்.

15க்கும் 25க்கும் இடையில் உங்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் கிடைக்கிறது: ஏற்றியவர் மேல் ஓல்-இன், அதாவது உங்கள் முழுச் சிப்பையும், வைப்பது. 150/300இல் உங்களிடம் 5,400, அதாவது 18 பிளைண்ட். பெரிய பிளைண்டில் 8–8 அல்லது ஆஸ்–ஜாக். பட்டனுக்கு முந்தைய கதிரைக்காரர் 700க்கு ஏற்றுகிறார். நீங்கள் கோல் பண்ணினால் ஃப்ளொப்பில் குயினோ கிங்கோ விழுந்தவுடன் திண்டாட வேண்டும். முழுவதும் வைத்தால், பலவகைக் கையோடு ஏற்றியிருக்கும் அவர் பாதிக்கு மேல் எறிவார். அவர் 700, சின்ன பிளைண்ட் 150, ஆக 850 உங்களுக்கு. கடதாசி திறக்காமலேயே அடுக்கு 16 வீதம் கூடிவிட்டது. எதையும் எறியாத ஆளுக்கு எதிராக மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்படி ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார்.

பத்து, பன்னிரண்டுக்குக் கீழே

இப்போது வழி இரண்டுதான்: ஓல்-இன், அல்லது எறிதல். பத்துப் பிளைண்டில் இருந்துகொண்டு மூன்றுக்கு ஏற்றிவிட்டு எதிராளி ஓல்-இன் வைத்ததும் எறிபவர், அடுக்கில் முப்பது வீதத்தைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறார். அந்த மூன்றை வைக்கும் தைரியம் இருந்தால் பத்தையும் வையுங்கள்.

பத்துப் பிளைண்டோடு, முன்னால் எவரும் வராதபோது: முன் கதிரையில் 6–6 முதல் சோடி, ஆஸ்–ஜாக் வரை, ஒரே இனத்தில் ஆஸ்–பத்தும் கிங்–குயினும். பட்டனில் எல்லாச் சோடியும், எந்த ஆஸும், ஒரே இனத்தில் கிங்–8, குயின்–10, ஜாக்–10 வரை, வேற்று இனத்தில் கிங்–10, குயின்–ஜாக் வரை. சின்ன பிளைண்டில் இருந்து பெரிய பிளைண்ட் ஒருவர் மட்டும் மிஞ்சினால், வருகிற கையில் பாதிக்கு மேல் தள்ளலாம், அதாவது ஓல்-இன் வைக்கலாம்.

இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தால் கணக்கைப் பாருங்கள். 200/400. பட்டனில் 4,000 வைத்திருக்கிறீர்கள், நடுவில் 600 கிடக்கிறது. பிளைண்டில் இருக்கும் இருவரும் தலா 15 வீதக் கையோடுதான் கோல் பண்ணுவார்கள் என்று வையுங்கள். இருவரும் எறிவது 100க்கு 72 தரம். ஒவ்வொரு தரமும் 600, சராசரிக்கு 432 இலாபம். மிச்சம் 28 தரம் கோல் வரும். அப்போது உங்கள் சுமாரான கைக்கு 35 வீதமே வாய்ப்பு என்று எடுத்தாலும், 8,300 அளவான பொட்டில் (நடுவில் சேர்ந்த சிப்பில்) உங்கள் பங்கு 2,905. வைத்தது 4,000, ஆக 1,095 நட்டம், 28 வீதத்துக்கு 307. இலாபம் 432, நட்டம் 307. தோற்கும் பக்கம் நிற்கிற கையோடு தள்ளியும் ஒவ்வொரு தரமும் சராசரி 125 சிப் மிச்சம். வருவாய் முழுவதும் எதிராளி எறிவதில் இருந்துதான் வருகிறது.

அதே ஆஸ்–5, நீங்கள் தள்ளும்போது நல்ல கை, அடுத்தவர் தள்ளியதைக் கோல் பண்ணும்போது அவ்வளவு நல்லதில்லை. கோல் பண்ணுபவருக்கு அந்த 72 வீதம் கிடையாது, கடதாசி மட்டும்தான். முன் கதிரைக்காரர் தள்ளினால் 9–9க்கும் ஆஸ்–குயினுக்கும் கீழே எறியுங்கள். பெரிய பிளைண்டில் மட்டும் கொஞ்சம் தளரலாம். மேலே சொன்ன அதே 4,000ஐக் கோல் பண்ண இன்னும் 3,600 வைக்க வேண்டும், ஏற்கெனவே கிடப்பது 4,600. 44 வீதம் இருந்தால் சரிக்குச் சரி.

ஐந்துக்குக் கீழே போக விடாதீர்கள். மூன்று பிளைண்டோடு தள்ளினால் எவரும் எறிய மாட்டார்கள், ஆயுதமே போய்விட்டது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பெரிய பிளைண்ட் உங்கள் மேல் வருமுன் கிடைக்கிற முதல் சுமாரான கையோடு வையுங்கள். வென்றால் ஆறு, மறுபடி ஆட்டத்தில் இருப்பீர்கள்.

பரிசுக்கு ஒருவர் மிச்சமாக இருக்கும்போது

மாதத்துக்கு இரண்டு மூன்று தரம் கூடி ஆடும் இடங்களில் புள்ளி முறை நன்றாக வேலை செய்யும். முதலாமவருக்கு 5, இரண்டாமவருக்கு 3, மூன்றாமவருக்கு 2. நாலு பேர் மிச்சம், ஆளுக்கு 10,000. ஒருவர் வெளியே போனால் மற்ற மூவருக்கும் புள்ளி உறுதி. இந்த நேரத்தில் ஒருவர் ஓல்-இன் வைக்கிறார், உங்களிடம் 9–9. அவரிடம் ஆஸ்–குயின் என்றால் 55க்கு 45, உங்கள் பக்கம்தான். சிப் கணக்கில் கோல்.

புள்ளிக் கணக்கில் பாருங்கள். இப்போது நாலு பேரும் சமம், பத்துப் புள்ளியில் ஆளுக்கு 2.5. கோல் பண்ணி வென்றால் மேசையின் பாதிச் சிப் உங்களிடம்: முதலிடம் இரண்டுக்கு ஒன்று, இரண்டாமிடம் மூன்றுக்கு ஒன்று, மூன்றாமிடம் ஆறுக்கு ஒன்று. பெறுமதி 2.5 + 1 + 0.33, அதாவது 3.83. தோற்றால் பூச்சியம். 2.5ஐ 3.83ஆல் பிரித்தால் 65 வீதம். சிப் இரட்டித்தும் புள்ளி இரட்டிக்கவில்லை, அதனால் 55 வீதம் போதவில்லை. ஆஸ், கிங், குயின் சோடி தவிர மற்றதெல்லாம் எறிய வேண்டிய இடம் இது.

இதையே மறுபக்கமிருந்து பாருங்கள். எல்லோரும் எறிய வேண்டிய நிலையில் தள்ளுபவருக்குக் கொண்டாட்டம். நிறையச் சிப் வைத்திருப்பவர் நடு அடுக்குக்காரர்களைத் தள்ளி நெருக்க வேண்டும். இரண்டு பிளைண்டோடு கிடப்பவரைத் தொட்டால் அவர் கோல்தான் பண்ணுவார், இழக்க அவரிடம் ஒன்றுமில்லை. நடு அடுக்கில் இருக்கும் நீங்கள் அந்தப் பெரிய அடுக்குக்காரரோடு மோதாமல், உங்களைவிடக் குறைந்தவரைப் பார்த்துக்கொண்டு இருங்கள். ஒருவர் ஓல்-இன், இருவர் கோல் என்றால், அந்த இருவரும் “நாம அடிக்காம விடுவம்” என்று வாய்விட்டுப் பேசுவது களவு. பேசாமல் அப்படி ஆடுவது அவரவர் விருப்பம்.

இருவர் மட்டும்

இரண்டு பேர் மிஞ்சியவுடன் பிளைண்ட் முறை மாறும். வீட்டு மேசைகளில் பெரும்பாலும் பிழையாகப் போவது இது. பட்டன்காரர்தான் சின்ன பிளைண்ட். ஃப்ளொப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாக. கை ஒவ்வொன்றுக்கும் பட்டன் மாறும்.

எதிரே ஒருவர்தான் என்பதால் பட்டியல் எல்லாம் தலைகீழ். எந்தச் சோடியும் பெரிய கை, எந்த ஆஸும் ஏற்ற வேண்டிய கை, கிங்கோடு எது வந்தாலும் பெரும்பாலும் ஆடலாம். நல்ல கைக்காக எறிந்துகொண்டிருப்பவரிடமிருந்து இரண்டு கைக்கு ஒன்றரைப் பிளைண்ட் வீதம் போய்க்கொண்டிருக்கும், எட்டுப் பேர் மேசையைவிட நாலு மடங்கு வேகத்தில்.

1,000/2,000 கட்டம். இருவரிடமும் 20,000, பத்துப் பிளைண்ட் வீதம். நீங்கள் பட்டன். கடதாசியைத் தூக்கிப் பார்க்கிறீர்கள்: இஸ்கோப்பன் ஜாக், கலாவரை ஒன்பது. எந்தக் கையென்றே தெரியாத ஒருவருக்கு எதிராக இது பாதிக்குச் சற்று மேல் வெல்லும், எதிராளி எறிந்தால் நடுவில் கிடக்கும் 3,000 சிப்பும் கடதாசி திறக்காமலேயே வரும். இப்போது தள்ளுங்கள்.